கடனாளியின் உடல்: கிளிஷி, புதுச்சேரி, ஆர்.கே.புரம்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, தாம் 'மாபார்' என்று அழைக்கும் அந்நாட்டின் வழக்கங்களுள் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். பலமுறை கேட்டும் பணத்தைத் திருப்பித் தராதவனை வழியில் காண நேர்ந்தால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவான். பணத்தைத் தரும்வரையிலோ தக்க பிணை காட்டும்வரையிலோ கடனாளி அந்த வட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது. மீறினால் மரண தண்டனை. அயல்நாட்டு வணிகன் ஒருவனுக்குத் தரவேண்டிய தொகையை நாள் கடத்திவந்த மன்னனையே, அவன் குதிரைமீது வந்தபோது, அந்த வணிகன் வட்டம் கீறி நிறுத்தினான் என்றும், கடனைத் தீர்த்த பிறகே மன்னன் அங்கிருந்து நகர்ந்தான் என்றும், அதைத் தாமே நேரில் கண்டதாகவும் போலோ சொல்கிறார். பயணிகள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் கடன் என்பது கணக்கேட்டில் மட்டும் வாழ்வதன்று, கடனாளியின் உடலிலும் அது வாழ்கிறது என்ற எண்ணத்தை இத்தனை சுருக்கமாக உணர்த்தும் வேறொரு காட்சியை நான் படித்ததில்லை.

சட்டக் கல்லூரி மாணவர்கள் முதலாண்டிலேயே ஒரு பாடம் கற்கிறார்கள்: கடன் உரிமையியல் விவகாரம், அதற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்ப இயலாது. இது பாதி உண்மை. மறுபாதியைக் காண வரலாறு தேவைப்படுகிறது. அதற்கு நம்முடைய சட்ட வரலாற்றை மட்டும் படித்தால் போதாது. பக்கத்தில் இன்னொரு சட்டமரபை வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ் நிலத்திலேயே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்சி செலுத்திய பிரெஞ்சுச் சட்டம் அதற்கு மிகவும் பொருந்தும். கடனாளியைப் பொறுத்தவரை, பிரான்சும் இந்தியாவும் 1988-க்கும் 1991-க்கும் இடைப்பட்ட மூன்றே ஆண்டுகளில் எதிரெதிர்த் திசையில் நடந்து ஒன்றையொன்று கடந்து சென்றன. அந்தக் கடப்பு எப்படி நேர்ந்தது என்பதே இந்தப் பதிவின் பொருள்.

முதலில் பிரான்சு. 1804-ஆம் ஆண்டின் நெப்போலியன் உரிமையியல் தொகுப்பு, 'கோந்த்ரேந்த் பார் கோர்' என்ற பழைய நடைமுறையைக் கைவிடவில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உடல்வழிக் கட்டாயம்' எனலாம். கடனாளியின் சொத்தின் மீது கைவைப்பதற்குப் பதிலாக அவன் உடலைப் பிடித்து அடைத்துவைத்தால், உறவினரோ நண்பரோ பணம் கட்டி மீட்பார்கள் என்பதே இதன் உள்நோக்கு. இது தண்டனை அன்று, வெறும் நெருக்குதல் என்று சட்ட அறிஞர்கள் விளக்கம் தந்தார்கள். பாரிஸில் 1834 முதல் இதற்கெனவே கிளிஷி தெருவில் தனிச் சிறை இயங்கியது. அதற்கு முன்னர் சேந்த் பெலாஜி சிறையில் கடனாளிகள் இருந்தார்கள்.

கிளிஷியின் விதிகளில் ஒன்று விந்தையானது. கைதியின் உணவுச் செலவை அவனை அடைத்தவனே ஏற்க வேண்டும். 1832-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாரிஸில் முப்பது நாளுக்கு 30 பிராங்கு வீதம் கடன் கொடுத்தவன் முன்கூட்டியே கட்டிவர வேண்டும். ஒரு தவணை தவறினால் கைதிக்கு விடுதலை. அதாவது, கடனாளியின் உடலைப் பிணையாக வைத்திருப்பதற்கும் ஒரு மாத வாடகை இருந்தது. பொழுது சாய்ந்த பின்னும் விடிவதற்கு முன்னும் கைது செய்யக் கூடாது. விடுமுறை நாள்களில் கூடாது. வழிபாடு நடக்கும்போது கோயிலுக்குள் கூடாது. ஆகவே பாரிஸின் கடனாளிகள் இரவில் நடமாடினார்கள். நாவலாசிரியர் பால்சாக் கடன்காரர்களுக்கு அஞ்சி, பாஸி பகுதியில் இரு வேறு தெருக்களுக்கு வாயில் உள்ள வீட்டில் மாற்றுப் பெயரில் குடியிருந்தார் என்பது இலக்கிய மாணவர்கள் அறிந்த செய்தி. அவருடைய நாவல்களில் வட்டிக்காரர்கள் அத்தனை உயிர்ப்போடு வருவதற்கு அனுபவத்தைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1848 புரட்சியில் அமைந்த தற்காலிக அரசு இந்த முறையை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது திரும்பி வந்தது. இறுதியாக 1867 ஜூலை 22-ஆம் நாள் சட்டம் உரிமையியல், வணிகக் கடன்களுக்கு உடல்வழிக் கட்டாயத்தை ஒழித்தது. கிளிஷி மூடப்பட்டது. குற்ற வழக்குகளில் மட்டும் அது எஞ்சி நின்றது. 2004-இல் பெயரும் வரம்பும் மாறி இன்றும் நிற்கிறது. தனியாருக்குப் பட்ட கடனுக்கு உடல் பிணையாகாது, அரசுக்குப் பட்ட கடனுக்கு ஆகும் என்ற இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் பிரித்து 51 முதல் 58 வரையிலான பிரிவுகளைப் படிப்பவருக்குக் கிளிஷி நினைவுக்கு வராமல் இராது. தீர்ப்புக் கடனாளியைக் கைது செய்யலாம். ஆனால் பொழுது சாய்ந்த பின் அவருடைய வீட்டுக்குள் நுழையக் கூடாது. அவருடைய பிழைப்புச் செலவை வழக்குத் தொடுத்தவர் முன்கூட்டியே நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தொடக்கத்தில் 50 ரூபாய்க்கு மேற்பட்ட தீர்ப்பாணைக்கே ஆறு மாதம் வரை சிறை இருந்தது. இன்று 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் மூன்று மாதம். 2,000 வரையிலான தொகைக்குச் சிறை இல்லை. 57-ஆம் பிரிவு தனி ஆய்வுக்குரியது. சிறையிலிருக்கும் கடனாளிக்கான படியை 'அந்தஸ்து, இனம், தேசியம்' ஆகியவற்றுக்கு ஏற்ப அரசு தரம் பிரித்து நிர்ணயிக்கலாம் என்கிறது அது. வெள்ளைக்காரக் கடனாளிக்கு ரொட்டியும் உள்ளூர்க் கடனாளிக்குச் சோறும் என்று கணக்குப் போட்ட காலத்தின் எச்சம் அது. குடியரசு ஆன பின்னும் அந்தச் சொற்களை யாரும் நீக்கவில்லை.

1936-இல் வந்த திருத்தம் நேர்மையான கடனாளிக்கு ஒரு வேலி கட்டியது: தப்பியோட முனைபவர், சொத்தை மறைத்தவர், வழியிருந்தும் கட்ட மறுப்பவர் ஆகியோரையே சிறையில் வைக்கலாம். இதற்கு அரசமைப்பு வலிமை தந்தது 1980 பிப்ரவரி 4-ஆம் நாள் வந்த ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பாங்க் ஆஃப் கொச்சின் தீர்ப்பு. பாலக்காட்டுக்காரரான நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாமை ஒன்றுக்காக மட்டும் எவரையும் சிறைப்படுத்தக் கூடாது என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் 11-ஆம் உறுப்பையும், நம் அரசமைப்பின் 21-ஆம் உறுப்பையும் சேர்த்துப் படித்தார். இந்தியா அந்த உடன்படிக்கையில் சேர்ந்து ஓராண்டுகூட நிறைவடையவில்லை. ஒரு காலத்தில் வழியிருந்தது என்பது போதாது, இப்போது வழியிருந்தும் தீய நோக்கோடு கட்டாமலிருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். வறுமை குற்றமாகாது என்று சொன்ன தீர்ப்பாக அதை மாணவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். சரிதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

இவ்விரு மரபுகளுக்கும் நடுவே புதுச்சேரி இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் உள்ளூர் மக்களின் வழக்குகளை அங்கே விசாரித்த நீதிமன்றத்தின் பெயர் 'ஷோத்ரி'. நம் 'சாவடி'யே பிரெஞ்சு நாவில் அப்படி ஆயிற்று. ழான் க்ளோத் பொன்னான் தொகுத்து 2001-இல் வெளியான 1766–1817 காலத்துத் தீர்ப்புகள், தமிழ்ச் சமூக வரலாற்று மாணவர் எவரும் தவறவிடக் கூடாதவை. 1819 ஜனவரியில் பிரெஞ்சுத் தொகுப்புகள் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தன; உள்ளூர் மக்கள் தம் சாதி, சமய வழக்கங்களின்படியே நீதி பெறலாம் என்ற உறுதியும் உடன் வந்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை, விரும்புவோர் தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர வழி திறந்தது.

குற்றவியல் நடைமுறையிலும் வேறுபாடு பெரிது. பிரெஞ்சு முறையில் குற்றத்தால் இழப்புக்கு உள்ளானவர் 'உரிமையியல் தரப்பு' என்ற பெயரில் குற்ற வழக்கிலேயே நுழைந்து, தண்டனையோடு தமக்கான இழப்பீட்டையும் அதே நீதிபதியிடம் கேட்கலாம். ஆங்கிலேய மரபில் வந்த நம் நடைமுறை இவ்விரண்டையும் தனித்தனி அறைகளில் வைக்க விரும்பியது. 1954 நவம்பர் 1 அன்று நிருவாகமும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான ஆட்சியுரிமையும் இந்தியாவுக்கு மாறின. 1963 அக்டோபரில் இந்தியத் தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 1968-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. ஐந்தாண்டுகளில் ஒரு புதுச்சேரிக் கடனாளி வீடு மாறாமலே ஒரு சட்டக் குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தார். இந்த 'உரிமையியல் தரப்பு' என்னும் கருத்தை நினைவில் வைத்துக்கொள்க. அது வேறு உடையில் தில்லிக்கு வந்து சேரும்.

இனிக் கடன் கொடுப்பவர் பக்கம். பிரான்சில் குற்றவியல் சட்டம் நெடுங்காலமாகவே வட்டிக்காரரை நோக்கிக் கண் வைத்திருந்தது. 1807 செப்டம்பர் 3-ஆம் நாள் சட்டம் பொதுக் கடனுக்கு 5 விழுக்காடு, வணிகக் கடனுக்கு 6 விழுக்காடு என உச்சவரம்பு கட்டி, அதை மீறிக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொள்வதைக் குற்றமாக்கியது. இடையில் தாராளமயக் காலம் ஒன்று வந்தது: 1886-இல் வணிகக் கடனுக்கும் 1918-இல் பொதுக் கடனுக்கும் வரம்பு தளர்ந்தது. 1935-இல் கடுவட்டிக் குற்றம் மீண்டது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் நிலையான எண்ணுக்குப் பதிலாக நகரும் வரம்பை வைத்தது. இன்றைய நிலையில், அந்தந்த வகைக் கடனுக்கு வங்கிகள் உண்மையில் வாங்கும் சராசரி வட்டியைப் பிரான்சின் மைய வங்கி கணக்கிட்டு வெளியிடுகிறது. அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடினால் அது கடுவட்டி, இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். வங்கியும் இதற்கு விலக்கன்று.

நுகர்வோர் கடனுக்கான முழுமையான சட்டம் 1978 ஜனவரி 10-இல் வந்தது. அன்றைய நுகர்வோர் துறைச் செயலர் கிறிஸ்தியான் ஸ்க்ரிவ்னேரின் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. வரையறுத்த வடிவில் எழுத்து மூலமான முன்மொழிவு தர வேண்டும். கையொப்பமிட்டபின் ஏழு நாளுக்குள் மனம் மாறலாம் (பின்னர் இது பதினான்கு நாளாயிற்று). கடன் கொடுத்தவர் வழக்கிட இரண்டே ஆண்டுக் காலவரம்பு. முன்மொழிவின் வடிவம் தவறினால் கடன் கொடுத்தவர் வட்டி பெறும் உரிமையையே இழப்பார். அசல் மட்டும் அவருக்கு உண்டு. நான் மிகவும் மதிக்கும் விதி இது. ஏழைக் கடனாளி சட்ட நுணுக்கம் அறிய வேண்டியதில்லை. நுணுக்கத்தைக் காப்பது நிறுவனத்தின் பொறுப்பு, தவறினால் இழப்பும் அதற்கே.

ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் எழுந்தது. கடனாளி நீதிமன்றத்துக்கு வராமலோ வாய் திறவாமலோ இருந்தால், இந்தக் குறையை நீதிபதி தாமாகவே எழுப்பலாமா? கூடாது என்றது பிரான்சின் உச்ச நீதிமன்றம். தென்கிழக்கு பிரான்சின் வியன் என்ற சிறுநகரத்து நீதிமன்றம், இதனோடு ஒட்டிய ஒரு கேள்வியை லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது: நியாயமற்ற நிபந்தனையை எழுப்புவதற்கான காலவரம்பு கடந்துவிட்டது என்பதற்காக நீதிபதி வாய்மூடியிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்று 2002-இல் கோஃபிடி வழக்கில் விடை வந்தது. 2007-இல் இன்னொரு தீர்ப்பு. 2008 ஜனவரிச் சட்டம் பிரெஞ்சு நீதிபதிக்கு அந்த அதிகாரத்தை எழுத்தில் தந்தது. ஊர்ப்புற நீதிபதிகளின் பிடிவாதம் ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றிய நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. இதனிடையே 1989 டிசம்பர் 31-ஆம் நாள் நேயெர்ட்ஸ் சட்டம், கடனில் மூழ்கிய குடும்பங்களுக்கென ஆணையங்களை அமைத்து, தவணைகளை மறுசீரமைக்க வழி செய்தது.

நம் நாட்டில் கடுவட்டிக்கு எதிரான சட்டமே இல்லை என்பதில்லை. 1918-இல் மிகைவட்டிக் கடன் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் 1937 அக்டோபர் 1 வரை நின்ற பழைய வட்டி நிலுவையைத் துடைத்தது. அசலைப்போல் இருமடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. 2003-இல் தமிழ்நாட்டின் கந்துவட்டித் தடைச் சட்டம், நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எனத் தெருவில் வழங்கும் சொற்களையே சட்டத்துள் ஏற்றி, மூன்றாண்டு வரை சிறை என்றது. சட்ட மொழி மக்கள் மொழிக்கு இவ்வளவு அருகில் வந்த இடங்கள் குறைவு. எனினும் இச்சட்டங்களின் கை தெருமுனை வட்டிக்காரர் வரையில்தான் நீண்டது. வங்கிகளைப் பொறுத்தவரை, 1984 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21-அ பிரிவு, வட்டி மிகை என்ற காரணத்தால் எந்த நீதிமன்றமும் வங்கிக் கடனைத் திறந்து பார்க்கக் கூடாது எனக் கதவைச் சாத்தியது. கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தில்லியில் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று நீக்கியது. பிரான்சில் வங்கி அதிகாரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடிய கேள்வி, இங்கே நுகர்வோர் மன்றத்தில்கூடக் கேட்க முடியாத கேள்வி ஆயிற்று.

இப்போது காசோலை. பிரான்சில் காசோலைக்குச் சட்ட வடிவம் தந்தது 1865-ஆம் ஆண்டு. முதல் உலகப் போரின் நடுவே, 1917 ஆகஸ்ட் 2-இல், கணக்கில் பணமின்றிக் காசோலை தருவது குற்றமாக்கப்பட்டது. 1935-ஆம் ஆண்டு ஆணை அதை விரிவாக்கி, காசோலை பெற்றவர் குற்ற வழக்கில் உரிமையியல் தரப்பாக நுழைந்து அதன் தொகையையே கேட்கலாம் என்றது. நன்மை வெளிப்படை: இரண்டு வழக்கு வேண்டாம், செலவு குறைவு, கடனாளிக்கு அச்சம் அதிகம். தீமை சில பத்தாண்டுகளில் தெரிந்தது. குற்றவியல் நீதிமன்றங்கள் கடைக்காரர்களின் வசூல் நிலையங்களாயின. 1972, 1975 எனப் படிப்படியாகப் பின்வாங்கிய பிரான்சு, 1991 டிசம்பர் 30-ஆம் நாள் சட்டத்தால் பணமில்லாக் காசோலையைக் குற்றப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அதற்கு மாற்றாக வங்கித் தடை வந்தது: தொகையைக் கட்டிச் சரிசெய்யும்வரை அவர் காசோலை எழுதக் கூடாது, அவர் பெயர் மைய வங்கியின் பதிவேட்டில் ஏறும். காசோலைப் புத்தகத்தை அள்ளி வழங்கிய வங்கிக்கும் பொறுப்பு உண்டு என்பதால், சிறு தொகைக் காசோலைகளைக் கணக்கில் பணமில்லாவிட்டாலும் வங்கியே கொடுத்துத் தீர்க்க வேண்டும். அந்த வரம்பு முன்னர் 100 பிராங்கு, இன்று 15 யூரோ. குறும்பான விதிதான், ஆனால் நீதியுள்ள குறும்பு.

பிரான்சு அந்தக் கதவை மூடுவதற்கு மூன்றாண்டு முன்பு இந்தியா அதைத் திறந்துவிட்டிருந்தது. 1988-ஆம் ஆண்டின் 66-ஆம் சட்டம், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138 முதலான பிரிவுகளைச் சேர்த்தது. 1989 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அதற்குமுன் காசோலை திரும்பினால் ஏமாற்றுக் குற்றத்தையே நாட வேண்டும். காசோலை தந்தபோதே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். 138-ஆம் பிரிவு அந்தச் சுமையை இறக்கிவைத்தது. காசோலை திரும்பியது, அறிவிப்பு அனுப்பப்பட்டது, பதினைந்து நாளில் பணம் வரவில்லை: குற்றம் முழுமையாயிற்று. போலோ கண்ட வட்டத்துக்கு இங்கே பதினைந்து நாள் அகலம். தொடக்கத்தில் ஓராண்டு, 2003 முதல் இரண்டாண்டு வரை சிறை. காசோலைத் தொகையில் இருமடங்கு வரை அபராதம். அந்தத் தொகையிலிருந்து புகார்தாரருக்கு இழப்பீடு தரலாம் என்பதால், 1935-ஆம் ஆண்டின் பிரெஞ்சு 'உரிமையியல் தரப்பு' தன் பெயரைச் சொல்லாமலே இந்தியக் குற்றவியல் நீதிமன்றத்தில் வந்து அமர்ந்தது. காசோலை ஒரு கடனைத் தீர்ப்பதற்கே தரப்பட்டது என்ற ஊகத்தைச் சட்டமே செய்துகொள்கிறது. இல்லை என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் வேலை. கையொப்பம் மட்டும் இட்டுத் தந்த வெற்றுக் காசோலைக்கும் இந்த ஊகம் பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

ஆர்.கே.புரம் இதில் எங்கே வருகிறது? இந்தக் குடியிருப்பு மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டது. அறுபதுகள் தொடங்கித் தமிழ்க் குடும்பங்கள் இங்கே மூன்று தலைமுறையாக வாழ்கின்றன. அரசு ஊழியர்தான் கடன் கொடுப்பவருக்கு மிகவும் பிடித்த வாடிக்கையாளர்: மாதச் சம்பளம் உறுதி, முகவரி மாறினாலும் அலுவலகம் மாறாது. ஆனால் சட்டப்படி அவரைப்போல் வசூலுக்குக் கடினமானவரும் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி அவருடைய சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட இயலாது. எஞ்சியதையும் தொடர்ந்து 24 மாதத்துக்கு மேல் பிடிக்க இயலாது. சேமநிதியைத் தொட இயலாது. ஓய்வூதியத்தைத் தொடவே இயலாது. ஆகவே கடன் கொடுப்பவர் என்ன செய்வார்? உரிமையியல் சட்டம் கட்டிய இந்த வேலியைத் தாண்ட, கடன் தரும் நாளிலேயே கையொப்பமிட்ட காசோலைகளை வாங்கி வைத்துக்கொள்வார். கடன் உரிமையியல் நிலத்தில் பிறக்கிறது. ஆனால் பிறக்கும்போதே குற்றவியல் நிலத்துக்கான பயணச் சீட்டு அதன் சட்டைப்பையில் இருக்கிறது. கடனாளிக்கு ஒரு சட்டம் தந்த பாதுகாப்பே அவரை இன்னொரு சட்டத்தின் வாயிலில் கொண்டு நிறுத்துகிறது என்பதைப் பாடநூல்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

இதோடு பணிவிதிகளும் சேர்கின்றன. 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 17-ஆம் விதி, ஊழியர் வழக்கமான கடனாளியாகவோ நொடித்தவராகவோ ஆகாதவாறு தம் சொந்தக் காரியங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. கடன் தம் ஊதாரித்தனத்தால் வந்ததன்று, முன்கூட்டி அறிய முடியாத சூழலால் வந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை அவருடையதே. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவராகக் கருதப்படுவார். வங்கிக்குத் தெரிந்த கடன் அலுவலகத்துக்கும் தெரிந்துவிடும் என்ற அச்சம் இந்தக் குடியிருப்பின் பல வீடுகளில் பேசப்படாத அச்சம். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், தனிநபர் கடனுக்காகக் கொடுத்த காசோலை திரும்பியதில் அழைப்பாணை பெற்றார். தொகையைவிட அவரை வாட்டியது, காவலர் ஒருவர் அடுக்ககத்தின் படியேறி வந்து அடுத்த வீட்டில் தம் பெயரைச் சொல்லி விசாரித்ததுதான். தண்டனை பின்னர் வரலாம், வராமலும் போகலாம். நடைமுறை முதல் நாளே வந்துவிடுகிறது.

நடைமுறை எந்த ஊரில் நிகழ வேண்டும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2014 ஆகஸ்ட் 1 அன்று தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம், காசோலை எந்த வங்கிக் கிளையின் மீது எழுதப்பட்டதோ அந்த ஊரில்தான் வழக்குத் தொடுக்கலாம் என்றது. அதாவது, பெரும்பாலும் கடனாளியின் ஊர். ஓராண்டு நிறைவதற்குள் அவசரச் சட்டம் வந்தது. காசோலையைச் செலுத்திய தரப்பின் கணக்கு எங்கே இருக்கிறதோ அந்த ஊர் என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றியது. அதாவது, கடன் கொடுத்தவரின் ஊர். பிரெஞ்சுச் சட்டம் நீதிபதியைக் கடனாளியின் பக்கத்தில் கொண்டுவந்து வைக்க முயன்ற அதே காலத்தில், நம் சட்டம் கடனாளியை நீதிபதி இருக்கும் ஊருக்கு ரயிலேற்றியது.

எண்ணிக்கையும் பிரான்சின் அனுபவத்தையே திரும்பச் சொல்கிறது. 2008 ஜூன் 1 அன்று தில்லியின் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் நிலுவையில் இருந்த 7,66,974 வழக்குகளில் 5,14,433 வழக்குகள் காசோலை வழக்குகள் என்று சட்ட ஆணையத்தின் 213-ஆம் அறிக்கை பதிவு செய்கிறது. மூன்றில் இரண்டு பங்கு. 2019 இறுதியில் நாடு முழுவதும் 2.31 கோடிக் குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள் என்பதைச் சுட்டியே 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு விசாரணையை விரைவுபடுத்தும் நெறிகளைத் தந்தது. எதிரி வேற்றூரில் வசித்தால் அழைப்பாணைக்கு முன் நடுவர் விசாரணை செய்ய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு, 138-ஆம் பிரிவு வழக்கை ஓநாய்த் தோல் போர்த்திய உரிமையியல் ஆடு என வருணித்தது. நீதிமன்ற நகைச்சுவை என்று கடந்துவிட வேண்டாம். வழக்கின் உள்ளே இருப்பது பணத் தகராறு, போர்த்தியிருப்பது மட்டுமே குற்றவியல் என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே ஒப்புக்கொண்டது அது.

காசோலை வழக்கொழிந்தால் இந்தச் சிக்கலும் தானே ஒழியும் எனச் சிலர் சொல்வதுண்டு. ஒழியாது. மின்னணுப் பணமாற்றம் பணமின்மையால் தவறினாலும் இதே குற்றம், இதே இரண்டாண்டு என்று 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துமுறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறது. மாதத் தவணைக்கு வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்க நாம் இடும் கையொப்பம், பழைய வெற்றுக் காசோலையின் புதிய வடிவம். அன்று முப்பது தாள் கொடுத்தவர் இன்று ஒரே படிவத்தில் கையொப்பமிடுகிறார்.

2020 ஜூனில் ஒன்றிய நிதி அமைச்சகம் சிறு பொருளாதாரக் குற்றங்கள் சிலவற்றைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாமா எனக் கருத்துக் கேட்டபோது, 138-ஆம் பிரிவும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிரான்சின் 1991 நம் வாசலுக்கு வந்து நின்ற தருணம் அது. வணிகர் அமைப்புகள் எதிர்த்தன. அவர்களுடைய அச்சத்தையும் எளிதாகத் தள்ள இயலாது: உரிமையியல் வழக்கு ஒரு தலைமுறை நீளும் நாட்டில், சிறு வணிகரின் கையில் எஞ்சியிருக்கும் ஒரே நெருக்குதல் அதுதான். கடன் கொடுப்பவர் எல்லோரும் நிதி நிறுவனமல்லர். கரோல் பாகில் துணி மொத்தமாக விற்றுவிட்டுக் காசோலையோடு அலைபவரும் கடன் கொடுத்தவரே. பிரான்சு 1991-இல் வங்கிக் கடனாளியையும் கடைக்காரரையும் ஒருங்கே கணக்கில் கொண்டு, வங்கியின் மீது ஒரு பகுதிச் சுமையை ஏற்றியது. நமது முன்மொழிவில் அந்த மூன்றாம் தரப்பு, அதாவது வங்கி, எங்குமே காணப்படவில்லை. பிரிவு அப்படியே நீடித்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி, தில்லி உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில், ஓய்வுபெற்ற நீதித்துறையினரைக் கொண்டு காசோலை வழக்குகளுக்கெனச் சோதனை முறையில் தனி நீதிமன்றங்கள் அமைந்தன. செப்டம்பர் 1 முதல் அவை பணியைத் தொடங்கின.